சீமோனுக்கு ஒரு தோள்பட்டை

சிலுவை சுமந்துகொண்டு போகிற இயேசுவைச் சிரித்த முகமாகப் பித்தளையில் பொறித்த முட்டாள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் லேசான புன்னகை இல்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன வீட்டில் காபி கொடுத்ததும் ஒரு சிரிப்பு வருமே, அது. அவருக்குப் பின்னால் சிலுவையைத் தாங்கிப் பிடிக்கிற சீமோனுக்கும் அதே சிரிப்பு. இரண்டு பேருமாகச் சேர்ந்து வீடு மாற்றுவதற்குப் பீரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அதைப் புதுத் துண்டில் சுற்றி, பெருமையாகக் கோயிலுக்குக் கொண்டுபோய் வேறு காட்டினேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் கொஞ்சம் வேலையையும் கவனித்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.

1. மயில் போடுகிறவன்

நான் சங்கரன்கோவிலில் பெயர்த்தகடு போடுகிறவன். டாக்டர் வீடு, வக்கீல் வீடு, தறிக்கூட முதலாளி வீடு என்று இந்த ஊரில் காலிங் பெல்லுக்குப் பக்கத்தில் மின்னுகிற பெயர்களில் பாதி என் பட்டறையிலிருந்து போனவை. எச்சிங் வேலை. பித்தளைத் தகட்டின்மேல் கறுப்பு வார்னிஷ் பூசிக் காயவைத்து, வேண்டிய இடத்தை மட்டும் ஊசியால் சுரண்டிவிட்டு, ஃபெரிக் குளோரைடு கரைசலில் போடவேண்டும். சுரண்டிய இடத்தை அது அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் கறுப்பு எனாமல் அடைத்து, மேலே பஃப் போட்டு மெருகேற்றினால் பெயர் கறுப்பாகவும் மற்றதெல்லாம் தங்கமாகவும் நிற்கும். எழுத்தெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் அடித்துவிடுகிறேன். ஊசியை எடுப்பது மயில், அன்னம், குத்துவிளக்கு இந்த மூன்றுக்குத்தான்.

வருகிற ஆர்டரில் பெரும்பங்கு உபயம். ஃபேனுக்கு உபயம், பெஞ்சுக்கு உபயம், தண்ணீர்த் தொட்டிக்கு உபயம். எந்தச் சாமி கோயிலாக இருந்தாலும் உபயக்காரர்கள் ஒரே ஜாடை. ஒருவர் ஃபேன் றெக்கை மூன்றிலும் தன் பெயரைப் போடச் சொன்னார்.

"சுத்தும்போது தெரியாதே அண்ணாச்சி" என்றேன்.

"கரண்ட் போகும்லா" என்றார்.

இப்படிப்பட்ட ஒரு உபயத் தகட்டை வாங்கிப்போக வந்த இடத்தில்தான் பங்குச்சாமியார் சுவரில் மாட்டியிருந்த என் மயிலைப் பார்த்தார். இளவயது. எதையும் தலையைச் சாய்த்துப் பார்க்கிறவர். அவர்கள் கோயிலைப் புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இயேசு சிலுவை சுமந்துபோன வழியைப் பதினாலு நிலையாக நின்று நின்று ஜெபிப்பார்கள். அதற்குச் சுவரில் பதினாலு படம் வேண்டும். அதுவரை வெறும் நம்பர்தான் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, மனுச உருவமெல்லாம் போடுவீங்களா?"

"மயில் போடுதேன், மனுசன் போட மாட்டேனா ஃபாதர்?" என்றேன். அந்த வாயை அங்கேயே ஃபெரிக்கில் முக்கியிருக்க வேண்டும்.

உண்மையில் எனக்கு உள்ளுக்குள் குதித்தது. இத்தனை வருடமும் அடுத்தவன் பெயரையும் படிப்பையும் பொறித்தே காலம் போய்விட்டது. முகம், கை, கால் என்று ஒரு முழு மனிதனைத் தகட்டில் நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று ஆசை. யாரும் கேட்டதில்லை. இப்போது ஒருவர் பதினாலு கேட்கிறார்.

ஃபாதர் விவரமானவர். "முதல்ல அஞ்சாம் நிலை ஒண்ணு மட்டும் செய்யுங்க. தவக்காலத்து முதல் வெள்ளிக்கு மாட்டுவோம். அதுக்கு உபயம் நம்ம ரோசம்மா. அவங்களுக்குப் பிடிச்சிருந்தா மீதி பதிமூணும் உங்களுக்குத்தான். இல்லன்னா மதுரைல ஃபைபர்ல ரெடிமேடா கிடைக்குது, வாங்கிருவோம்" என்றார்.

அஞ்சாம் நிலை என்றால் சீமோன். வயலிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதரைச் சிப்பாய்கள் பிடித்து, இயேசுவோடு சேர்ந்து சிலுவையைத் தூக்கச் சொல்கிறார்கள்.

2. பல் தெரிகிற சாந்தம்

ரோசம்மா இரும்புக்கடை வைத்திருப்பவர். நான் எமரித்தாளும் எனாமலும் வாங்குவது அவரிடம்தான். ஆணி எடை போடுகிற மாதிரி வார்த்தையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார். அவர் துண்டை விலக்கித் தகட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, இவுக எதுக்குச் சிரிக்காவ?"

"சிரிக்கலம்மா. அது சாந்தம்."

"சாந்தத்துக்குப் பல்லு தெரியுமோ?"

ஃபாதர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அவர் போட்டிருந்தது ஷூ.

"பின்னால பிடிக்காரே, இவருக்குச் சம்பளம் கூட்டிக் குடுத்துட்டாங்களா?" என்று ரோசம்மா சீமோனைத் தொட்டுக் காட்டினார்.

நானும் சிரித்துத் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தகட்டைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "எனக்கு இது வேண்டாம். வேற செய்யுங்க. முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"உங்க பேரு அடியில எந்த சைஸ்ல வரணும்?" என்று பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"பேரு வேண்டாம். அந்த எடத்துலயும் படத்தையே போடுங்க."

உபயக்காரர் ஒருவர் பெயர் வேண்டாம் என்று சொல்லி என் காது கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் போனபிறகு ஃபாதர் சொன்னார். ரோசம்மா வீட்டுக்காரர் கடையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கிறார், வருடக்கணக்காக. ஆள் நல்ல கனம். காலையில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, உட்காரவைத்து, சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் ரோசம்மா வந்து கடையைத் திறக்கிறார். ராத்திரி போய் மறுபடியும் தூக்கவேண்டும்.

"பதினாலுல எது வேணும்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, அஞ்சாவதுன்னாங்க" என்றார் ஃபாதர்.

எனக்கு அந்தத் தகட்டைத் துண்டுக்குள் மறைக்கத் துண்டு போதவில்லை.

பட்டறைக்கு வந்து எங்கே தப்பு என்று பார்த்தேன். தப்பு ஒரே ஒரு கோட்டில் இருந்தது. மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் ஓரத்துக்கு இறங்குகிற கோடு. அதைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிட்டால் கல்யாணக் களை வந்துவிடும். மயில், அன்னம் என்று வளைத்தே பழகிய கை, முகத்தையும் வளைத்துவிட்டது.

3. பாவு பீம்

அடுத்து வந்த நாட்களில் கண்ணாடி முன்னால் நின்று கஷ்டப்படப் பழகினேன். புருவத்தை நெரித்தேன். உதட்டைப் பிதுக்கினேன். கண்ணை மேலே செருகினேன். என் மனைவி கோமதி வந்து பார்த்தாள்.

"ஏங்க, வயிறு சரியில்லையா? ஓமத்தண்ணி கலக்கட்டா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் தம்பி ஆவுடை அப்போது திண்பண்டப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். தறி மெக்கானிக். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான்.

"அத்தான், சும்மா நின்னு முக்குனா கஷ்டம் வருமா? தறிக்கூடத்துக்கு வாங்க. பாவு பீம் தூக்குவோம். நான் முன்னால இயேசு, நீங்க பின்னால சீமோன். அக்கா போட்டோ எடுக்கட்டும்."

பாவு பீம் என்பது பாவு நூலைச் சுற்றிவைத்திருக்கிற இரும்பு உருளை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தோளில் வைத்துத்தான் தறிக்குக் கொண்டுபோவார்கள். தினமும் எங்கள் தெருவில் பார்க்கிற காட்சி. பார்ப்பதற்கும் தோளில் வாங்குவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆவுடை ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்தான். பின்பக்கம் என்மேல் இறங்கியது. இறங்கியதும் என் கழுத்து எங்கேயோ போய்விட்டது.

கோமதி ஃபோனை நீட்டிப் பிடித்தாள். "ஏங்க, சிரிக்காதீங்க."

"யாருட்டி சிரிக்கா? மூச்சு முட்டுது."

"பல்லு தெரியுதே."

"அது தானா வருது."

"ஏலே ஆவுடை, நீயாவது மொகத்தச் சோகமா வையி."

"எனக்கு என்னக்கா சோகம்? நான் தெனமும் தூக்குதேன்" என்றான் அவன். அந்த நேரம் பார்த்து அவன் ஃபோன் அடித்தது. முதலாளி. இயேசு ஒரு கையை எடுத்து ஃபோனைக் காதில் வைத்து, "இந்தா வந்துட்டேன் மொதலாளி, இங்கனதான் நிக்கேன்" என்று விறைப்பாக நிமிர்ந்தார். பீம் மொத்தமும் பின்னால் சரிந்து என் தோளில் உட்கார்ந்தது.

நான் அப்போது சொன்ன வார்த்தை சிலுவைப்பாதையின் எந்த நிலையிலும் வராது. தறிக்கூடத்தில் இருந்தவர்கள் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். கோமதி மட்டும் கடமை தவறாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

4. கட்டைவிரல்

பட்டறையில் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். உயிர் போகிற நேரத்தில் எடுத்த படம். அதில் என் முகம் ஆடித்தபசுக் கூட்டத்தில் பழைய சிநேகிதனைப் பார்த்துவிட்டவன் முகம். கண் இடுங்கியிருக்கிறது, கன்னம் ஏறியிருக்கிறது, பல் வரிசையாகத் தெரிகிறது. அதே மூக்கோரக் கோடு, அதே வளைவு. அப்படியானால் நான் முதலில் பொறித்த முகம் தப்பே இல்லையா? வலிக்கிறவன் முகமும் சிரிக்கிறவன் முகமும் ஒரே கோட்டில்தான் ஓடுகின்றனவா?

படத்தை நகர்த்தும்போது என் கட்டைவிரல் தற்செயலாக முகத்தை மறைத்தது. விரலை எடுக்காமல் ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தேன்.

முகம் போனதும் அந்தப் படத்தில் சிரிக்கிற ஆளே இல்லை. பீமுக்கும் கழுத்துக்கும் நடுவே சதை நசுங்கி ஒரு மடிப்பு. அந்த மடிப்புக்குள் கன்னங்கரேலென்று நிழல். சட்டை அந்த ஒரு புள்ளியை நோக்கியே இழுபட்டுச் சுருங்கியிருக்கிறது. கால் விரல்கள் செருப்பைத் தாண்டித் தரையைப் பிடிக்கப் பார்க்கின்றன. வேலை இல்லாத இடது கை, பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் காற்றில் விரிந்து நிற்கிறது. விரலை எடுத்து உடம்பை மறைத்தேன்: ஜோக் கேட்டுச் சிரிக்கிற ஆள். முகத்தை மறைத்தேன்: ஐயோ பாவம். மறுபடியும் மாற்றினேன்.

"கோமதி, கட்டைவிரல், கட்டைவிரல்" என்று கத்தினேன்.

அவள் மஞ்சள்தூள் டப்பாவோடு ஓடிவந்தாள். "எதுல மாட்டிக்கிட்டு?"

பிள்ளைகளே, இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வரைகிற உருவத்தின் முகத்தைக் கட்டைவிரலால் மூடிப்பாருங்கள். அப்புறமும் வலி மிச்சம் இருந்தால் அந்த வேலை உருப்படும். எனக்கு இது தெரிய ஒரு பாவு பீமும் பாதி பாட்டில் தைலமும் செலவாயிற்று.

5. சிவப்பு நெயில் பாலிஷ்

புதுத் தகட்டை வெட்டி வார்னிஷ் பூசி உட்கார்ந்தேன். ஊசி கையில் நிற்கவில்லை, அவ்வளவு அவசரம் எனக்கு.

மரத்துக்கு நேர்க்கோடு. சதைக்கு வளைந்த கோடு, தோள் உருண்டிருக்கிற திசையிலேயே போகிற மாதிரி. மரம் சதையில் உட்காருகிற இடத்தில் எல்லைக்கோடு போடக்கூடாது என்பதை மூன்று தடவை கெடுத்த பிறகு கண்டுபிடித்தேன். எல்லை போட்டால் மரம் தோளின்மேல் சும்மா ஒட்டிவைத்த மாதிரி நிற்கிறது. இரண்டு பக்கக் கோடுகளையும் அங்கே நெருக்கி, குறுக்கே இன்னொரு வரிசை ஓட்டி, ஒன்றுக்குள் ஒன்றை விட்டுவிட்டால் இருட்டு தானாகக் கட்டிக்கொள்கிறது. மரம் உள்ளே இறங்குகிறது. பார்க்கிறவனுக்குத் தன் தோள் கூசுகிறது. நான் என் தோளைத் தேய்த்துக்கொண்டேதான் வரைந்தேன்.

அடுத்தது ஆழம். பெயர்த்தகட்டில் எல்லா எழுத்துக்கும் ஒரே ஆழம். டாக்டர் பெயருக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று என்று இல்லை. நிழலுக்கு அப்படிச் சரிப்படாது. கொஞ்ச நேரம் அரித்தால் மெல்லிய கோடு, நிறைய நேரம் அரித்தால் கறுத்த கோடு. ஆகவே முதலில் கொஞ்ச நேரம் மட்டும் ஃபெரிக்கில் போட்டு எடுத்து, மெல்லியதாக இருக்கவேண்டிய கோடுகளை மூடிவிட்டு, மற்றதைத் திரும்பப் போடவேண்டும். மூடுவதற்குச் சின்ன பிரஷ்ஷும் சீக்கிரம் காய்கிற பூச்சும் வேண்டும். பீரோவுக்குள் தேடி ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலைக் கண்டுபிடித்தேன். ரத்தச் சிவப்பு.

"ஏங்க, அது நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குனது."

"சீமோனுக்கு அவசரம்ட்டி."

ஒவ்வொரு தடவை ஃபெரிக்கில் முக்கி எடுத்ததும் இடம் இடமாகச் சிவப்பை ஏற்றிக்கொண்டே போனேன். கடைசி முக்கில் அந்தத் தோள் மடிப்பும், காற்றில் விரிந்த கையின் உள்ளங்கையும், பாதத்துக்கு அடியில் உள்ள நிழலும் மட்டும் திறந்திருந்தன. தொட்டியை ஆட்டி ஆட்டி நின்றேன். டீ குடிக்கக்கூடப் போகவில்லை. கழுவி, எனாமல் அடைத்து, மேலே துடைத்தபோது அந்த மடிப்பு கறுப்பாக எழுந்து வந்தது பாருங்கள், எனக்கு யாரையாவது கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. கோமதி கையில் கரண்டி வைத்திருந்ததால் விட்டுவிட்டேன்.

இவ்வளவு கண்டுபிடித்தவன் அதோடு நிறுத்தியிருக்கவேண்டாமா? முகத்தை மறைத்தால்தான் வலி தெரிகிறது என்று கத்தியவன் நானே. ஆனாலும் பணம் கொடுக்கிறவர் முதலில் முகத்தைத்தானே பார்ப்பார் என்று ஒரு பயம். இயேசு சிலுவைக்கு அடியில் குனிந்திருப்பதால் அவர் முகம் தெரியவேண்டியதில்லை. சீமோனின் முகத்தில் மூக்கோரக் கோட்டை வளைக்காமல், முடியிழை மாதிரி மெல்லிய கோடுகளாகப் போட்டு, வேறு எதற்கும் செலவழிக்காத அளவு நேரம் செலவழித்தேன். நாசூக்காக இருக்கட்டும் என்று முதல் முக்கிலேயே எடுத்து நெயில் பாலிஷால் மூடியும்விட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கண் ஓரத்துச் சுருக்கம்கூடத் தெரியும்.

அப்புறம் பஃப். பெயர்த்தகட்டுக்காரன் புத்தி. தகட்டில் முகம் பார்த்துத் தலை சீவ முடியவேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் நல்ல வேலை. வழக்கத்தைவிட ஒரு மடங்கு கூடுதலாகவே போட்டேன். டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. இருந்ததாகத்தான் நினைத்தேன்.

6. முதல் வெள்ளி

சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால் நானும் ஆவுடையும் போய்த் தகட்டை மாட்டினோம். அஞ்சாம் நம்பருக்கு நேர் எதிரே மேற்குப் பக்கத்து ஜன்னல். நாங்கள் மாட்டும்போது அது சாத்தியிருந்தது. கூட்டம் வந்ததும் யாரோ காற்றுக்காகத் திறந்துவிட்டார்கள்.

வெயில் நேராக வந்து தகட்டில் விழுந்தது.

நான் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்தே தெரிந்தது. சீமோனுக்கு முகம் இல்லை. கழுத்துக்கு மேலே வெறும் பித்தளை, கண்ணைக் கூசுகிற மாதிரி மின்னுகிறது. அத்தனை முடியிழைக் கோடுகளும் அந்தப் பளபளப்பில் போன இடம் தெரியவில்லை. பாதியை என் பஃப்பே தேய்த்துத் தின்றிருக்கவேண்டும்; மீதியை வெயில் விழுங்கிவிட்டது. அவரிடம் கறுப்பாக நின்றவை தோளும், விரிந்த கையும், தரையைப் பிடிக்கிற காலும்தான்.

"அத்தான், தல எங்க?" என்று ஆவுடை என் காதில் கேட்டான்.

"பேசாம இருல."

சனங்கள் நிலை நிலையாக நகர்ந்து வந்தார்கள். முதல் நாலு நிலையிலும் வெறும் நம்பர். அஞ்சாவதில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஃபாதர் தலையைச் சாய்த்தார். பிறகு மறுபக்கம் சாய்த்தார். முழங்காலிட்டார்கள், ஜெபித்தார்கள், எழுந்தார்கள். மதுரை ஃபைபர் சிலைகள் லாரியில் வந்து இறங்குகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பதிமூணு தகடும் போயிற்று. அதைவிட, அந்த அம்மாவை இரண்டாவது தடவையும் ஏமாற்றிவிட்டேன்.

ஆறாவதுக்குக் கூட்டம் நகர்ந்தது. ரோசம்மா நகரவில்லை. அஞ்சாவதின் முன்னாலேயே நின்றார். இடது கையால் தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்திருப்பது அவருக்கே தெரியாது போலிருந்தது. கூட்டம் எதிர்ச்சுவருக்குப் போய், பதினாலும் முடிந்து, ஃபாதர் உள்ளே போய், பெஞ்சுகளெல்லாம் காலியாகிற வரைக்கும் அவர் அங்கேயேதான் நின்றார்.

நான் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் போனேன்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பஃப் கொஞ்சம் கூடிட்டு. இப்பமே கழட்டிக் கொண்டுபோயி, மொகத்த நல்லா ஆழமா அரிச்சு, அடுத்த வெள்ளிக்குள்ள கொண்டாந்து மாட்டிருதேன். மொகம் தெரியாம எப்படி?" என்று சொல்லிக்கொண்டே முதல் ஸ்குரூவில் டிரைவரை வைத்தேன்.

ரோசம்மா என் கையைப் பிடித்து இறக்கினார்.

"தூக்குதவன் மூஞ்சிய எவன் பாக்கான்?"